1912: ராணுவத்தைத் தோற்கடித்த பள்ளிக்கூடம் (கார்லைல் அணியின் சீசன்)

#1 ஓரத்து ஆட்டக்காரன்

கல்லூரியில் நான்கு வருடமும் மாற்று ஆட்டக்காரனாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தே கழித்தவன் நான். அதனால்தானோ என்னவோ, ஆட்டத்தைவிட ஆட்டக் கதைகளே எனக்கு அதிகம் ஒட்டிக்கொண்டன. அவற்றில் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற சிற்றூர். அங்கே செவ்விந்தியப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் ஒரு தொழிற்பள்ளி நடத்தியது. பெயருக்குத்தான் பள்ளி. அதன் கால்பந்து அணி மோதியது ஹார்வர்டு, பென்சில்வேனியா மாதிரியான பெரிய பல்கலைக்கழகங்களோடு. 1912 சீசனில் 14 ஆட்டங்கள். 12 வெற்றி, ஒரு சமநிலை, ஒரே ஒரு தோல்வி. எடுத்த புள்ளிகள் 504, கொடுத்தவை 114. அணித்தலைவர் ஜிம் தார்ப். அந்த ஜூலையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கித் திரும்பியிருந்தார். பயிற்சியாளர் க்ளென் வார்னர். எல்லோரும் 'பாப்' வார்னர் என்பார்கள்.

நவம்பர் 9, வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி. எதிரே நின்றவர்கள் நாளைய ராணுவ அதிகாரிகள். அமெரிக்க ராணுவம் செவ்விந்தியர்களைக் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை நடந்து முழுதாக 22 ஆண்டுகூட ஆகவில்லை. அந்த ராணுவத்தின் வீட்டு முற்றத்துக்கே போய் 27-6 என்று அடித்துவிட்டு வந்தார்கள். தார்ப் 92 கஜம் ஓடி டச்டவுன் போட்டாராம், நடுவர் செல்லாது என்றாராம், அடுத்த முறையே 97 கஜம் ஓடி மறுபடியும் போட்டாராம். 27 புள்ளிகளில் 22 அவருடையது. எதிரணியில் ஆடிய ஐசன்ஹோவரின் முழங்காலை முறித்ததும் அவர்தான். ஆமாம், பிற்பாடு அமெரிக்க அதிபரான அதே ஐசன்ஹோவர்.

விளையாட்டு வரலாற்றில் இதைவிட அழகான பழிதீர்ப்பு இருந்தால் சொல்லுங்கள்.

#2 புதுக்குடித்தனம்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கால்பந்தில் 504 எடுக்க முடியுமா? 27 கோலா போட்டார்கள்? அந்த சீசனின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன், டொராண்டோவுடன் 49-1 என்று இருக்கிறது. அந்த ஒன்று எப்படி வந்தது?

#3 பழைய வாத்தியார்

தம்பி, இது நாம் ஆடும் கால்பந்து இல்லை. கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. உடற்கல்வி ஆசிரியராக முப்பது வருடம் விசில் ஊதியவன் என்பதால் விதிகளைச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கதையின் பாதி விதிப்புத்தகத்தில்தான் இருக்கிறது.

நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆட்டம் கிட்டத்தட்ட ஒரு மோதல் களம். பந்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ள, மூன்று முயற்சியில் ஐந்து கஜம் முன்னேறினால் போதும். ஆகவே கனத்த ஆட்களை ஆப்பு வடிவில் கோத்து நடுவே இடித்துக்கொண்டு போவதே உத்தி. 1905இல் மட்டும் குறைந்தது 18 பேர் செத்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துங்கள் என்றார். 1906இல் விதிகள் மாறின. ஐந்து கஜம் பத்து கஜமானது. பந்தை முன்னோக்கி எறிவது முதன்முறையாகச் சட்டப்படி செல்லும் என்றானது. பெரிய பல்கலைக்கழகங்கள் அதை ஏதோ சர்க்கஸ் வேலை என்று ஒதுக்கின. அதைக் கையில் எடுத்தது கார்லைல். பையன்கள் எடை குறைந்தவர்கள், ஆனால் வேகக்காரர்கள். இடித்து ஜெயிக்க முடியாதவனுக்குத்தானே எறிவதும் ஏய்ப்பதும் தேவை? 1907இல் பென்சில்வேனியாவை 26-6 என்று சாய்த்தது அப்படித்தான்.

1912இல் மறுபடியும் மாற்றம். மூன்று முயற்சி நான்கானது. 110 கஜ மைதானம் 100 ஆனது. எறியும் பந்துக்கு இருந்த 20 கஜ வரம்பு போனது. டச்டவுனுக்கு, அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவதற்கு, 5 புள்ளி 6 ஆனது. அதன்பின் உதைக்குக் கூடுதலாக 1, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3. இப்போது 504 புரிகிறதா? நீங்கள் கேட்ட 49-1, பாதி அமெரிக்க விதியிலும் பாதி கனடா விதியிலும் ஆடிய ஆட்டம். கனடா விதியில் உதையால் ஒற்றைப் புள்ளி எடுக்கலாம். அந்த ஒன்று அப்படி வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனுடன் ஆடிவிட்டு, திங்கட்கிழமை டொராண்டோவில் இறங்கியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ரயிலில்.

இன்னொன்று. 1903இல் ஹார்வர்டுடன் ஆடும்போது, உதைத்து வந்த பந்தைப் பிடித்து சார்லி டில்லன் என்ற ஆட்டக்காரரின் சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகிவிட்டார்கள். எதிரணி பந்து யாரிடம் என்று தேடிக்கொண்டிருக்க, அவர் கைவீசி ஓடி டச்டவுன் போட்டார். அந்த ஆட்டத்தில் ஹார்வர்டுதான் 12-11 என்று வென்றது. வாத்தியார் இதையெல்லாம் சிலாகிக்கக் கூடாது. ஆனாலும் சிரிப்பு வருகிறது.

#4 தாழம்பூ

விதிகள் எல்லாம் சரி ஐயா. பள்ளியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? இழை தொடங்கியவர் 'செவ்விந்தியப் பிள்ளைகளுக்காக நடத்திய தொழிற்பள்ளி' என்று ஏதோ தர்ம காரியம்போல எழுதியிருக்கிறார்.

முதலில் அந்தச் சொல். அதைத் தமிழில் எப்போது விடப்போகிறோம்? கொலம்பஸின் தவறோடு தோல் நிறத்தையும் சேர்த்து ஒட்டிய பெயர் அது. பூர்வகுடிகள் என்று சொல்லலாம். இனக்குழுவின் பெயர் தெரிந்தால் அதைச் சொல்வது இன்னும் நல்லது: தார்ப் சாக் அண்டு ஃபாக்ஸ் இனத்தவர், களத்தில் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் கஸ் வெல்ச்சும் இன்னொரு ஆட்டக்காரர் ஜோ கையானும் சிப்பேவா.

அடுத்தது பள்ளி. 1879இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி பழைய படைமுகாம் ஒன்றில் தொடங்கியது. அவருடைய கொள்கை என்ன தெரியுமா? 'அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொல், மனிதனைக் காப்பாற்று.' வந்து இறங்கியதும் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். விடுமுறைக்கும் ஊருக்கு அனுப்பாமல் வெள்ளைக்காரக் குடும்பங்களின் பண்ணைகளில் வேலைக்கு அனுப்பினார்கள். சுமார் 140 இனக்குழுக்களின் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில், அந்த வாசல் வழியாகப் போனார்கள். எல்லோரும் திரும்பவில்லை.

இந்தப் பள்ளியின் அணி ஜெயித்ததைப் பழிதீர்ப்பு என்கிறீர்கள். அந்தச் சட்டையில் யார் பெயர் எழுதியிருந்தது? ஒவ்வொரு வெற்றியும் பிராட்டின் கொள்கைக்கு நற்சான்றிதழாகத்தான் போயிருக்கும்.

#5 ஓரத்து ஆட்டக்காரன்

சொல்லை மாற்றிக்கொள்கிறேன், நியாயம்தான். தலைப்பில் இல்லை, பதிவில் இருந்தது, இனி எழுதமாட்டேன்.

மற்றது எனக்கு ஒப்புதல் இல்லை. கால்பந்தை அந்தப் பையன்கள்மேல் யாரும் திணிக்கவில்லை. ஒரு மாணவனின் கால் முறிந்ததும், வெளி அணிகளுடன் ஆடக் கூடாது என்று தடை போட்டவர் இதே பிராட். நாற்பது பையன்கள் அவர் அறைக்குப் போய், ஆட விடுங்கள் என்று வாதாடினார்கள். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். எதிரி குத்தினாலும் திருப்பிக் குத்தக் கூடாது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் தலைசிறந்த அணிகளை வெல்ல வேண்டும். இரண்டையும் ஏற்றுக்கொண்டு வெளியே வந்தார்கள். கேட்டு வாங்கிய ஆட்டம் அது. மற்ற எதையும் அவர்கள் அங்கே கேட்டு வாங்கியிருக்க முடியாது. அதனால் இந்த ஒன்றையாவது அவர்களுடையது என்று சொல்ல விடுங்கள்.

#6 கணக்குப்பிள்ளை

சண்டைக்குள் வரவில்லை. எண்களை மட்டும் சரிபார்க்க வந்தேன்.

ஆல்பிரைட் 50, லெபனான் வேலி 45, டிக்கின்சன் 34, வில்லனோவா 65, வாஷிங்டன் அண்டு ஜெஃபர்சனுடன் 0-0, சிராக்யூஸ் 33, பிட்ஸ்பர்க் 45, ஜார்ஜ்டவுன் 34, டொராண்டோ 49, லீஹை 34, ராணுவம் 27, பென்சில்வேனியா 26 (அவர்கள் 34, அதுதான் அந்தத் தோல்வி), ஸ்பிரிங்ஃபீல்ட் 30, பிரவுன் 32. கூட்டினால் 504. சரியாக இருக்கிறது. 114உம் சரி.

ஆனால் ராணுவ ஆட்டத்தைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி பிற்காலத்தில் வளர்ந்த கதை. அன்று மூன்று டச்டவுன் போட்டவர் அலெக்ஸ் ஆர்காசா, நான்காவது ஜோ பெர்ஜி. தார்ப் கணக்கில் சேர்வது டச்டவுனுக்குப் பிந்தைய மூன்று உதைகள். 22 என்பது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட எண். அவருடைய நீண்ட ஓட்டம் ஒன்று விதிமீறலால் செல்லாமல் போனது உண்மை. 92, 97 எல்லாம் சொல்லச் சொல்ல நீண்ட கஜங்கள். தார்ப் அன்று மைதானத்தையே ஆட்டிவைத்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு வழி திறந்துகொடுத்த மற்ற பத்துப் பேரும், அவரையே எதிரணி துரத்தும்போது இன்னொரு பக்கம் ஓடிய ஆர்காசாவும் கதையிலிருந்து காணாமல் போய்விட்டார்கள். வார்னர் அன்று இறக்கிய இரட்டைச் சிறகு அமைப்பின் சூட்சுமமே அதுதான்.

ஐசன்ஹோவரின் முழங்கால் போனது ஒரு வாரம் கழித்து, டஃப்ட்ஸ் கல்லூரியுடன் ஆடும்போது. தார்ப் மேல் பழி போடாதீர்கள்.

கதைக்குச் சுவை வேண்டுமென்றால் உண்மையிலேயே நடந்த ஒன்று இருக்கிறது: ராணுவ அணித்தலைவர் லேலண்ட் டெவோர், கையானின் அடியைத் தாங்க முடியாமல் ஆத்திரத்தில் அவர்மேல் பாய்ந்து, நடுவரால் வெளியேற்றப்பட்டார். திருப்பிக் குத்தக் கூடாது என்ற நிபந்தனையைக் காப்பாற்றியது எந்த அணி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#7 பழைய வாத்தியார்

கணக்குப்பிள்ளை வந்தாலே இப்படித்தான், ஆனந்தத்தில் கழித்தல் குறி போட்டுவிடுவார்.

#8 புதுக்குடித்தனம்

அப்படியானால் தார்ப்பின் புகழ் வெறும் ஊதலா?

#9 ஓரத்து ஆட்டக்காரன்

என் 22 புள்ளி போனது வலிக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், ஊதல் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆட்டத்தில் கார்லைல் எடுத்த 30 புள்ளிகளும் தார்ப் ஒருவருடையவை: நான்கு டச்டவுன், மூன்று உதை, ஒரு ஃபீல்ட் கோல். கணக்குப்பிள்ளை கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். முந்தைய ஆண்டு நவம்பர் 11 அன்று ஹார்வர்டின் சொந்த மைதானத்தில், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நான்கு ஃபீல்ட் கோல் உதைத்தார், கார்லைல் 18-15. அதே சீசனில் ஆடிய 12 ஆட்டங்களில் சிராக்யூஸிடம் மட்டும் 12-11 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். 1912இல் அவர் எடுத்தது 25 டச்டவுன், 198 புள்ளி என்றுதான் வழக்கமாக அச்சிடுகிறார்கள்.

தோல்வியையும் மறைக்கவில்லை. ராணுவத்தை வென்ற அடுத்த சனிக்கிழமை பிலடெல்பியாவில் பென்சில்வேனியாவிடம் 34-26. கைக்கு வந்த பந்துகளை நழுவவிட்டார்கள். எதிரிக்கு எட்டாது என்று தார்ப் அசட்டையாக விட்ட ஒரு நீண்ட எறிதல் டச்டவுனாகிப் போனது. அவரும் மனிதர்தான். கடைசி ஆட்டம் நன்றி நவிலும் நாளன்று, பிராவிடன்ஸ் நகரில், பனி கொட்டும்போது. பிரவுனை 32-0 என்று முடித்தார்கள். கல்லூரிக் கால்பந்தில் தார்ப்பின் கடைசி ஆட்டமும் அதுதான்.

#10 நெடுஞ்சாலை

படிக்கப் படிக்க கொல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்து அணி நினைவுதான் வருகிறது. 1911 ஜூலை 29, ஒருவர் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, பிரிட்டிஷ் ராணுவத்தின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கினார்களே! அடுத்த நான்காவது மாதம் ஹார்வர்டில் கார்லைல். காலம் இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது.

#11 தாழம்பூ

ஒப்பிடத் தோன்றும்தான். மோகன் பகான் வீரர்கள் அன்று இரவு சொந்த வீட்டுக்குப் போய் வங்காளியில் பேசியிருப்பார்கள். கார்லைல் பையன்கள் எங்கே திரும்பிப் போனார்கள்? அதே படைமுகாமுக்கு.

#12 சஸ்குவஹானாக் கரை

பல நாள் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவேன். இன்று முடியவில்லை. நான் ஹாரிஸ்பர்க் அருகே வசிக்கிறேன். கார்லைல் இங்கிருந்து அரை மணி நேரம்.

அந்த இடம் இப்போது அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி. பள்ளியின் பழைய கட்டடங்கள் சில இருக்கின்றன. அணி பயிற்சி செய்த மைதானமும் இருக்கிறது. புல் கத்தரித்து, ஓடுபாதை போட்டு, காலையில் அதிகாரிகள் ஓடுகிறார்கள். மைதானத்தைப் பார்க்கத்தான் போனேன். நானும் தார்ப் ரசிகன்தான். திரும்பும்போது இடுகாட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினேன்.

எல்லாம் ஒரே அளவான வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக. ஒரு காலத்தில் 180க்கும் மேல். காசநோயில் போன பிள்ளைகள்தான் பெரும்பான்மை. பெயரும் இனக்குழுவும் தேதியும் இருக்கும். சிலவற்றில் 'அடையாளம் தெரியாதவர்' என்று மட்டும். முதலில் இருந்த இடுகாட்டை 1927இல் இடம் மாற்றினார்கள், அதில் கலைந்த கணக்கும் உண்டு. 2017 முதல் கொஞ்சம் கொஞ்சமாக எலும்புகளை எடுத்து அவரவர் குடும்பத்தாரிடம் கொடுக்கிறார்கள். கல்லருகே யாரோ சின்ன பொம்மைகளும் மணிமாலைகளும் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒரு பொம்மை காற்றில் விழுந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். அன்று மைதானத்தில் எடுத்த படங்களை இதுவரை யாருக்கும் அனுப்பவில்லை.

#13 ஓரத்து ஆட்டக்காரன்

இதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் இரண்டு நாள் கழித்து வருகிறேன்.

#14 புதுக்குடித்தனம்

தார்ப்பிடமிருந்து பதக்கத்தைப் பிடுங்கினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது இதற்கு முன்னா, பின்னா?

#15 கணக்குப்பிள்ளை

பின். பிரவுன் ஆட்டம் முடிந்து இரண்டே மாதத்தில். 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடியிருந்தார். ஆகவே அவர் தொழில்முறை ஆட்டக்காரர் என்று 1913 ஜனவரியில் வூஸ்டர் நகர நாளிதழ் ஒன்று வெளியிட்டது. அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன்கள் பலர் கோடையில் இப்படி ஆடினார்கள், பொய்ப்பெயரில். தார்ப் சொந்தப் பெயரில் ஆடினார். ஒலிம்பிக் விதிப்படி ஆட்சேபணையை 30 நாளுக்குள் எழுப்ப வேண்டும்; ஆறு மாதம் கழித்து எழுப்பியதையும் ஏற்றுக்கொண்டு பதக்கங்களைப் பறித்தார்கள். 1982இல் கூட்டு வெற்றியாளர் என்று பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். 2022 ஜூலையில்தான் தனி வெற்றியாளர் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர் 1953இலேயே இறந்துவிட்டார்.

#16 பழைய வாத்தியார்

மாணவனை ஆட்டத்துக்கு அழைத்துப் போகும் வாத்தியார்தான் அவனுக்குப் பொறுப்பு. தார்ப் 1909இல் பள்ளியை விட்டுப் போய் 1911இல் திரும்பி வந்தார். இரண்டு வருடம் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று வார்னருக்குத் தெரியாதா? அதிகாரிகள் கேட்டபோது கை கழுவிக்கொண்டார். மன்னிப்புக் கடிதம் மட்டும் தார்ப் பெயரில் போயிற்று, விவரம் தெரியாத பள்ளிப் பையன் என்று தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டு. அந்த உத்தி மேதையை நான் இவ்வளவு நேரம் புகழ்ந்தேன். இதற்காக மட்டும் மன்னிக்கமாட்டேன்.

#17 தாழம்பூ

வாத்தியார் ஐயா, வார்னரை மன்னிக்காதவர்கள் அந்தப் பள்ளியிலேயே இருந்தார்கள். முதலில் கோபமாக எழுதியபோது இதை விட்டுவிட்டேன். என் வாதத்துக்கே இடிக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

டொராண்டோ, வாஷிங்டன், பிலடெல்பியா என்று ஏன் ரயிலிலேயே கிடந்தார்கள்? கார்லைலில் பார்வையாளர் கூட்டம் இல்லை. டிக்கெட் பணம் பெரிய நகரங்களில்தான். சீசன் தொடக்கத்துச் சில்லறை ஆட்டங்கள் தவிர ஏறக்குறைய எல்லாமே வெளியூர். வந்த பணம் 'தடகள நிதி' என்ற தனிக்கணக்கில் விழுந்தது. ஆடியவர்கள் கையில் அந்தக் கணக்கு இல்லை.

பிற்பாடு கஸ் வெல்ச் கையெழுத்து வேட்டை தொடங்கினார். ராணுவ ஆட்டத்தில் குவாட்டர்பேக்காக இருந்த அதே வெல்ச். பின்னாளில் பெரிய கவிஞரான மேரியான் மூர் அப்போது அங்கே வணிகப் பாடம் நடத்தினார். வெல்ச்சும் தார்ப்பும் அவருடைய மாணவர்கள். 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மனுவில் கையெழுத்திட்டார்கள். 1914 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்த விசாரணைக் குழு பள்ளிக்கே வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னார்கள்: அடி, சாப்பாட்டுக் குறை, நிதியில் குளறுபடி. ஆட்டக்காரர்களும் சொன்னார்கள்: வார்னர் கெட்ட வார்த்தையில் திட்டுவார், இலவச டிக்கெட்டுகளை ஹோட்டல் முன்கூடத்தில் விற்பார் என்று. பள்ளிக் கண்காணிப்பாளர் ஃபிரீட்மன் பதவியிழந்தார். வார்னர் 1914 சீசன் முடிந்ததும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குப் புகழ்தான்.

ஆட்டக்காரரே, நீங்கள் #5இல் எழுதியதை இப்போது கொஞ்சம் ஒப்புக்கொள்கிறேன். நாற்பது பேராகச் சேர்ந்து பிராட்டின் அறைக்குள் போனவர்களும், இருநூறு பேராகச் சேர்ந்து மனு எழுதியவர்களும் ஒரே பள்ளிதான். ஆனால் 27-6ஐவிட இந்த மனுதான் எனக்குப் பெரிய ஆட்டமாகத் தெரிகிறது.

#18 ஓரத்து ஆட்டக்காரன்

எனக்கு இரண்டுமே பெரிதுதான். வெல்ச் இரண்டிலும் ஆடியிருக்கிறார், எனக்கு அது போதும்.

முதல் பதிவில் 22 புள்ளி, 97 கஜம், முழங்கால் மூன்றையும் அடித்துவிடுகிறேன். ஆர்காசாவின் பெயரைச் சேர்க்கிறேன்.

#19 நெடுஞ்சாலை

1912க்குப் பிறகு அந்த அணி என்ன ஆனது?

#20 கணக்குப்பிள்ளை

1913இல் தார்ப் இல்லாமலே 10 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. 1914இல் 5 வெற்றி, 9 தோல்வி, ஒரு சமநிலை. அதன்பின் இறக்கம்தான். 1917 நவம்பரில் அட்லாண்டாவுக்குப் போய் ஜார்ஜியா டெக் அணியிடம் 98-0. அந்த ஆண்டு ஜார்ஜியா டெக்கின் நட்சத்திரங்களில் ஒருவர் ஜோ கையான்.

1918இல் பள்ளியை மூடி, போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக்கினார்கள்.

#21 ஓரத்து ஆட்டக்காரன்

98-0 எனக்குத் தெரியாது. முதல் பதிவின் கடைசியில் அதையும் சேர்த்துவிடுகிறேன்.